பாட்டின் கீழ்ப்பாதி

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போன இடத்தில், நிறைந்த சபை நடுவே, தொண்டையைத் திறந்து தப்பான பாட்டைப் பாடினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் அதைச் செய்தவள் நான்தான்.

அலுவலகத் தோழியின் மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்ததற்காக யூதக் கோயிலில் சடங்கு. "எனக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம், நான் யூதப் பள்ளியில் படித்தவளாக்கும்" என்று ஒரு வாரமாக அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை காலம் படித்தாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் வலியப் போய் அரை வருஷம்தான் என்று சொல்லவில்லை. சடங்கின் நடுவே எல்லோரும் எழுந்து நின்று சமாதானம் கேட்கும் ஒரு சின்னப் பாட்டை ஆரம்பித்தார்கள். நாலே வரி. எனக்குத் தெரிந்த பாட்டு. தோழி பார்க்கட்டும் என்று நானும் எடுத்தேன்.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. பக்கத்திலிருந்த பெரியவர் இரக்கமுள்ளவர். வலப்பக்கமிருந்து பிரிக்கும் அந்தப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் கையில் வைத்து, வரியை விரலால் தொட்டும் காட்டினார்.

வரியில் பிழையில்லை. மெட்டுதான். சபை ஒரு மெட்டில் போக, நான் அதற்கு அடியில் வேறொரு மெட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். சபையின் மெட்டும் எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். அது தெரிந்தும் வாயைத் திறந்தால் ஏன் மற்றது வருகிறது என்பதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். இப்போது வருகிறவர்களுக்கு விமானம் இறங்கும் முன்பே பாட்டு வகுப்பு, தமிழ்ப் பள்ளி, பொங்கல் விழாக் கமிட்டி எல்லாம் காத்திருக்கின்றன. ஒரு கொத்து கறிவேப்பிலைக்காக எடிசனில் நம்மவர் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு வரை பனியில் கார் ஓட்டிய நம் கூட்டத்துக்குத்தான் இது விளங்கும்.

கோயமுத்தூரிலிருந்து நியூஜெர்சிக்கு நாங்கள் வந்தது ஒரு ஜனவரியில். எனக்கு ஒன்பது வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் தரையைப் பார்த்ததால், இரண்டு வகுப்பு கீழே, முன்பல் விழுந்த குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய மேனேஜர் ஒரு யூதப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். இடம் இருக்கிறது, கோடை விடுமுறை வரை வேண்டுமானால் வரட்டும் என்றார். அப்பா கேட்ட ஒரே கேள்வி சாப்பாட்டைப் பற்றி. பன்றி கிடையாது, கறியும் பாலும் ஒரே மேஜையில் சேராது, பாத்திரம்கூட வேறு வேறு என்று மேனேஜர் விளக்கினார். அப்பா அதில் பாதியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அறிவித்தார்: "நம்மளவிட ஆசாரம் பாக்கறவங்க. பயமே வேண்டாம்."

அம்மா நிம்மதியாகத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள்.

முதல் நாள் அந்தப் பள்ளிச் சமையலறையில் கோழி, அநேக நாட்கள் அப்படித்தான். கோழி இருக்கும் நாளில் பால் சம்பந்தப்பட்ட எதுவும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரக் கூடாது. மேற்பார்வை பார்த்த பெண்மணி என் டப்பாவைத் திறந்து பார்த்து, முகர்ந்து, என் தலையைத் தடவி, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, நடைவழியில் இருந்த ஒரு குட்டி மேஜைக்கு என்னைக் கூட்டிப் போனார். துளி கடுமை இல்லை. ஆனாலும் சைவக் குழந்தை, கறி தின்கிறவர்களால், தயிர்சாதத்துக்காகத் தள்ளி உட்கார வைக்கப்பட்டது என்பது உண்மை. அடுத்தவரைத் தள்ளி உட்கார வைத்தே பழகிய வம்சத்துக்கு இது தேவைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. டப்பா மூடியில் ஒட்டியிருந்த கடுகை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல்லியிருந்தால் மறுநாளே எலுமிச்சை சாதமாக மாறியிருக்கும். சொல்லவில்லை. கூடத்துக்குள் நூறு குழந்தைகளுக்கு நடுவே தனியாக இருப்பதைவிட, நடைவழியில் தனியாகத் தனியாக இருப்பது சௌகரியமாக இருந்தது. அதோடு அந்தக் குட்டி மேஜை பாட்டு அறையின் கதவை ஒட்டி இருந்தது.

மதிய வேளையில் அங்கே சேர்ந்திசைப் பயிற்சி நடக்கும். முதல் சில நாட்கள் உள்ளே ஏதோ தகராறு என்றே நினைத்தேன். ஒரு கூட்டம் ஒரு மெட்டைப் பாடும். இன்னொரு கூட்டம் அதே வார்த்தைகளை அதே நேரத்தில் கீழே வேறு மெட்டில் பாடும். நம் காதுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மெட்டு என்றால் பக்கத்து வீட்டு ரேடியோ என்றுதான் அர்த்தம். ஆனால் தயிர்சாதம் மெதுவாகத்தான் இறங்கும். கேட்டுக் கேட்டு, இரண்டும் சண்டை போடவில்லை, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கின்றன என்று ஒரு நாள் பிடிபட்டது. கீழே போவது எனக்குப் பிடித்திருந்தது. அது அதிகம் நகராது, வாசற்படி மாதிரி இருந்த இடத்தில் இருக்கும். வாயில் சாதத்தோடு அதை முனகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மியூசிக் டீச்சர் நெட்டையானவர். கழுத்தில் ஒரு கயிற்றில் மூக்குக்கண்ணாடியும், இன்னொரு கயிற்றில் பொடி டப்பா மாதிரி ஒரு வட்டக் கருவியும் தொங்கும். அதை ஊதினால் சுருதி வரும். அவர் ஒன்றும் சொல்லாமல், நிறுத்தாதே என்பதுபோல் கையைக் காட்டினார். உள்ளிருந்து ஒரு சுருட்டைமுடிப் பெண்ணைக் கூப்பிட்டு என் மேஜைக்கு எதிரே நிறுத்தி மேல் மெட்டைப் பாடச் சொன்னார். அவள் பாட, நான் முனக, இரண்டும் சந்தித்த இடத்தில் காதுக்குள் சிறகு பட்டதுபோல் கூசியது. அவளுக்கும் கூசியிருக்க வேண்டும், சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து அந்த நாலு வரிப் பாட்டுக்கு அவள் மேல்குரல், நான் கீழ்க்குரல். ஜூன் மாத ஆண்டு விழாவில் நாங்கள் இருவர் மட்டும் பாட வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்தார். வார்த்தைகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமுவதுபோல் வரும் ஹீப்ரு ஓசைக்கு ஆய்த எழுத்தைப் போட்டேன். அஃது, இஃது என்று சொல்வதைத் தவிர அதனால் ஒரு காரியம் ஆகி நான் பார்த்தது அப்போதுதான்.

மேல்குரல்காரியிடம் எப்போதும் ஆரஞ்சு வாசனை வரும். வெள்ளிக்கிழமை மதியமே பள்ளி முடிந்துவிடும். அன்று சூரியன் மறைந்தால் சனி இரவு வரை அவர்களுடைய ஓய்வுநாள், அவள் வீட்டில் தொலைபேசியைத் தொட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மளிகைக்கு எடிசன் போய்விடுவோம். ஆக, எங்கள் சிநேகிதம் திங்களில் உயிர்பெற்று வெள்ளியில் மூச்சடக்கும். பேச்சும் குறைவு. என் இங்கிலீஷ் அப்போது பள்ளத்தில் தண்ணீர்போல் தேங்கித்தான் நிற்கும். ஆனால் தோளோடு தோள் நின்று பாடும்போது, அந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, நான் இல்லாவிட்டால் குறை தெரியும் என்ற ஓர் இடம் எனக்கு இருந்தது. அந்த இடம் ஒரு பாட்டின் அடிப்பாகத்தில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

வசந்தத்தில் அவர்களுடைய பெரிய பண்டிகை வந்து போனது. அதற்குப் பிறகு சில வாரங்கள் பழைய துக்கம் ஒன்றை நினைத்து வாத்தியம் தொட மாட்டார்கள். வாய்ப்பாட்டு மட்டும்தான். டீச்சர் பியானோ மூடியைச் சாத்தி அதன் மேல் ஒரு துணியையும் போட்டுவிட்டார். மற்ற நாட்களில் அவர் இரண்டு குரலையும் பியானோவில் வாசித்துக் கேசட்டில் பிடித்து, வீட்டில் போட்டுப் பழகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அந்த வாரங்களில் கேசட்டும் கிடையாது. வெறும் கையோடு, இல்லை, வெறும் கீழ்க்குரலோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு வர்ணம் வரை கற்றவள். அதற்குப் பிறகு பாட்டுக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, இங்கே வந்ததும் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், அதன் ஓரத்தில் ஏப்ரல் வரை கரையாத அழுக்குப் பனி. நாள் முழுக்க யாரும் பேசாத அந்த அபார்ட்மெண்டில் நான் பாடப் போகிறேன் என்றதும் அவள் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாடினேன். மேலே இருக்க வேண்டியது இல்லாமல் கீழே இருப்பது மட்டும் பாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் முகம் புளியைக் கடித்ததுபோல் ஆகி, உடனே அதை மறைத்துக்கொண்டது.

"ஏங்கண்ணு, கெணத்துக்குள்ள இருந்து பாடறாப்பல இருக்குது?"

டீச்சர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றேன்.

"அவங்க சரியாத்தான் சொல்லிக்குடுத்திருப்பாங்க. உனக்குத்தான் சுருதி நிக்க மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு, எடிசனில் தன் வீட்டு பேஸ்மெண்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு சென்னை ஆன்ட்டியிடம் என்னை இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அழைத்துப் போனாள். ஆன்ட்டி கண்ணை மூடிக் கேட்டார். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "குரல் இருக்கு. சுருதிதான் கொஞ்சம்... நீங்க பேசாம பரதநாட்டியம் ட்ரை பண்ணுங்களேன். அதுல வாயைத் தொறக்க வேண்டாம்" என்றார். வரும் வழியில் அம்மா கார் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள். அப்பா மட்டும், தனக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். உங்களுக்குக் குக்கர் விசிலும் நன்றாகத்தான் இருக்கும் என்று அம்மா அதை முடித்துவைத்தாள்.

பிறகு ஒரு புதன்கிழமை மேல்குரல்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஒரே ஒரு தடவைதான். எங்கள் பாத்திரத்தில் அவள் சாப்பிட முடியாது, நறுக்காத பழம் மட்டும் ஆகும் என்று அவளுடைய அம்மா முன்பே சொல்லியிருந்தார். வந்த பிள்ளைக்குக் காகிதத் தட்டில் முழு ஆப்பிளை வைத்து நீட்டும்போது அம்மாவின் கை கூசியது எனக்குத் தெரிந்தது. அந்தக் கூச்சம் தீரவோ என்னவோ, இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள் என்றாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்றைக்கு அம்மாவுக்கு விளங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் அந்தச் சிறகு அம்மாவின் காதிலும் படும்.

இரண்டாவது வரியிலேயே அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "அந்தப் புள்ள பாடறதக் கேளு, எப்படி நேராப் போகுது. நீ கூடவே அழுத்தி அவளையும் கீழ இழுக்கற."

பக்கத்து வீட்டு ரேடியோ. நான் தாண்டி வந்துவிட்ட அதே இடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கை கொடுத்துத் தாண்ட வைக்க எனக்குத் தமிழிலும் வார்த்தை இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. அம்மா அவளை மட்டும் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, மளிகைக் கடைக் காகிதப் பையைக் கிழித்து அதன் மேல் ஸரிகம எழுதிக்கொண்டாள். உன் அம்மா ரொம்பக் கெட்டிக்காரி என்று மேல்குரல்காரி போகும்போது என்னிடம் சொன்னாள். அது உண்மைதான். எங்கள் டீச்சரே பிரமித்திருப்பார்.

அன்று மாலை சமையலறையில் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "அந்த டீச்சரம்மாவுக்கு நல்ல மனசுங்க. பாட வராத புள்ளைய ஒதுக்க மனசில்லாம, ஓரத்துல எதையோ மொணங்கச் சொல்லி வெச்சிருக்காங்க."

எதிர்த்துப் பேசக்கூடியதாக இருந்தால் பேசியிருப்பேன். இது அப்படி இல்லை. ஒருவேளை அப்படித்தானோ என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நடைவழியில் தனியாகச் சாப்பிடும் குழந்தை, இங்கிலீஷ் வராத குழந்தை, போகட்டும் என்று ஒரு இடம் கொடுத்திருக்கலாம். மறுநாள் இங்கிலீஷைச் சேர்த்துப் பிடித்து, எனக்கு ஏன் கீழ்க்குரல் தந்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். நீ ஸ்ட்ராங் என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்து, சத்தம் ஜாஸ்தி என்பதை அவர்கள் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள் என்றாள். பக்கத்தில் ஒருத்தி வேறு மெட்டைப் பாடும்போது தன் மெட்டை விடாமல் நிற்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்பது, பல வருஷம் கழித்து, என் பெண்ணின் பள்ளியில் பெற்றோர் சேர்ந்திசையில் நானே போய்த் தோற்றபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகு தினமும் மாலையில் எனக்கு மேல் மெட்டில் பாடம் நடந்தது. அம்மா தரையில் சப்பணமிட்டு, தொடையில் தாளம் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லிக்கொடுத்தாள். ஹீப்ரு வார்த்தைகளுக்கு அங்கங்கே ஒரு அசைவும் கொடுத்தாள். சமாதானம் கேட்கும் அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் கொஞ்சம் மோகனத்தின் சாயலில் சமாதானம் கேட்டது. பாத்திரம் தேய்க்கும்போதும் அம்மா அதையே பாடினாள். வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு பாடி நான் கேட்டதில்லை. அதை எப்படி நிறுத்தச் சொல்வது? பள்ளியில் கீழே, வீட்டில் மேலே என்று ஓட்டினேன். ஓடியது. இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்க்காத வரை எந்தப் பிழைப்பும் ஓடும்.

ஆண்டு விழாவுக்குள் அந்தத் துக்க வாரங்கள் முடிந்து பியானோ மூடி திறந்துவிட்டது. எங்கள் பாட்டு மட்டும் வெறும் குரலாகவே இருக்கட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கூடம். ஜூன் வெயிலில் அம்மா மாம்பழக் கலர் பட்டில் வந்து, எனக்கு நேராகத் தெரியும்படி இடம் தேடி உட்கார்ந்தாள். பின்னாலிருந்தவர்களுக்கு அந்த ஜரிகையைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. கிளம்பும் முன் என் பின்னலை இறுக்கிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "பயந்துக்காத கண்ணு. யாரு என்ன பண்ணுனாலும் நீ என்னைய மட்டும் பாத்துப் பாடு."

டீச்சர் வட்டக் கருவியை ஊதி மேல்குரல்காரிக்கு அவளுடைய ஸ்வரத்தைக் கொடுத்தார். பிறகு எனக்கு என்னுடையதை. வலது கை அவளுக்கு, இடது கை எனக்கு. அந்தக் கைக்குப் பின்னால், நேர்கோட்டில், அம்மா. அம்மாவின் கை தொடையில் தாளத்துக்குத் தயாராக இருந்தது. உதடுகள் முதல் வார்த்தையை எனக்கு முன்பே சொல்லிவிட்டன.

கீழே பாடினால், பாட வராத பெண்ணின் தாயாக அம்மா அத்தனை பேர் நடுவே அந்தப் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே பாடினால், பக்கத்தில் நிற்பவளுக்கு அடியில் தரை இருக்காது. இப்படி நான் அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது வயதுக்கு வயிறு மட்டும்தான் யோசிக்கும். மேல்குரல்காரி ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தேன். திறந்து, அசைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் அதன் ஆய்த எழுத்தோடு உதட்டால் சொன்னேன். சத்தம் வரவில்லை. வரவிடவில்லை.

முதல் வரியின் நடுவில் அவள் குரல் நடுங்கியது. என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. நான் இருக்கிறேனா என்று பார்த்தாள்போல. பிறகு நிமிர்ந்து தனியாகப் போனாள். டீச்சரின் இடது கை இறங்கவில்லை. இரண்டாவது வரியிலும் எனக்காக அப்படியே ஏந்திக்கொண்டிருந்தது, பேருந்தை நிறுத்தக் கை காட்டுகிறவர் மாதிரி. மூன்றாவது வரியில் மெதுவாக மடங்கியது. அம்மா அசையாமல், கண்ணில் நீரோடு, தாளத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். கீழே இறங்கியதும் டீச்சர் குனிந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று. தூரத்திலிருந்து அம்மா அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு, அப்பாவின் முழங்கையை இடித்துக் காட்டினாள். மேல்குரல்காரி கோபப்படவில்லை. தனியாகப் பாடும்போது அந்தப் பாட்டு ரொம்ப நீளம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வீட்டாரிடம் போனாள். அந்த வாரம் பள்ளி மூடியது. அடுத்த மாதம் அப்பாவின் ப்ராஜெக்ட் ஹூஸ்டனுக்கு மாறியது. அவள் தொலைபேசி எண்ணை நான் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

கார் நெடுஞ்சாலையில் ஏறும் வரை அம்மா தொடையில் அந்தத் தாளத்தையே போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, அதுவரை அவள் குரலில் நான் கேட்டிராத கர்வத்தோடு, அப்பாவிடம் சொன்னாள்.

"கேட்டீங்களா? ரெண்டு பேரு பாடறாங்கன்னே தெரியலீங்க. அப்படியே ஒத்தக் கொரலாட்ட இருந்துச்சு."